இல்லத்துப் பணிவிடையும் அரசாங்கத்தின் கடனும்

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியிலே திருவள்ளுவர் மருத்துவத்துக்கு உறுப்புக்கள் நான்கு என வகுத்துள்ளார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் வைத்தியர், மருந்து, அருகிருந்து காலந்தவறாது அம்மருந்தைக் கொடுப்பவர் என்பனவே அந்நான்கு. முதல் மூன்றையும் பற்றி உலகம் நிரம்பப் பேசுகின்றது. வைத்தியரின் கைத்திறன் பத்திரிகைகளிலே வெளியாகின்றது. புதிய மருந்தைக் கண்டவருக்குப் பரிசும் பட்டமும் கிடைக்கின்றன. நான்காம் உறுப்பாகிய பணிவிடையாளரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும், முதுமையாலோ ஊனத்தாலோ தீராப் பிணியாலோ பிறர் கைகொடாமல் எழவும் குளிக்கவும் உண்ணவும் இயலாத ஒருவருக்கு வைத்தியர் மாதமொருமுறை வேண்டப்படுபவர்; பணிவிடையாளர் நாள்தோறும், சிலபோது நாழிகைதோறும், வேண்டப்படுபவர்.

முன்னாளிலே இப்பணிவிடை குடும்பத்தினுள்ளேயே அடங்கியிருந்தது. மகளும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் முறைவைத்துச் செய்த அத்தொண்டுக்கு ஊதியம் என்ற பேச்சே எழவில்லை. குடும்பங்கள் சிறுத்து, ஆயுள் நீண்டு, ஆணும் பெண்ணும் ஒருங்கே வேலைக்குச் செல்லும் இக்காலத்தில் அத்தொண்டின் ஒரு பகுதி கூலிக்குச் செய்யப்படும் தொழிலாக மாறிவருகின்றது. மாறும்போது மூன்று வினாக்கள் எழுகின்றன. அதற்கான செலவைத் தருபவர் யார்? நோயாளி தம் வீட்டிலிருந்தவாறே உதவியைப் பெற முடியுமா, அன்றி உதவியை நாடி வீட்டைத் துறந்து செல்லவேண்டுமா? அப்பணியைச் செய்பவர் தம் உழைப்பைக் கொண்டு மானமாக வாழ முடிகின்றதா? இவ்வினாக்களுக்கு விடை காண அறுபது ஆண்டுகளாக முயன்றுவரும் நாடு ஐக்கிய அமெரிக்கா. செல்வத்திலே முன்னிற்கும் அந்நாடு இவ்விடயத்திற் கண்ட வெற்றியும் தடுமாற்றமும் ஏனைய நாட்டினரும் அறியத்தக்கவை.

1965 ஆம் ஆண்டு யூலை 30 ஆந் திகதி சனாதிபதி லிண்டன் ஜோன்சன் கையொப்பமிட்ட சட்டத்தினால் இரண்டு பெருந்திட்டங்கள் பிறந்தன. அவற்றுள் மெடிக்கெயர் என்பது முதியோரின் வைத்தியச் செலவுக்கானது. மெடிக்கெயிட் என்பது வறியோருக்கானது. வைத்தியசாலைச் செலவையும் வைத்தியர் கட்டணத்தையும் மெடிக்கெயர் ஏற்கும். ஆண்டுக்கணக்கில் நீளும் நாளாந்தப் பணிவிடையை அது ஏற்பதில்லை. அப்பாரம் பெரும்பாலும் மெடிக்கெயிட்டின் தோளிலேயே விழுந்தது. மெடிக்கெயிட் திட்டத்தை நடத்துவோர் மாநில அரசாங்கத்தினர். செலவை மாநிலமும் சமஷ்டி அரசாங்கமும் பகிர்ந்துகொள்கின்றன. செல்வமிக்க மாநிலத்தில் ஆளுக்குப் பாதி. வறிய மாநிலமாயின் சமஷ்டி அரசாங்கத்தின் பங்கு கூடும். மிஸிஸிப்பி மாநிலத்தின் செலவிலே நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேற்பட்ட தொகை சமஷ்டி அரசாங்கத்தினுடையது.

இச்சட்டத்தின் அமைப்பிலே தொடக்கத்திலிருந்தே ஒரு கோணல் இருந்தது. தாதியர் உள்ள பராமரிப்பு விடுதியிலே சேர்வோரின் செலவை ஏற்பது ஒவ்வொரு மாநிலத்துக்கும் கட்டாயம் என்றது சட்டம். வீட்டிலே நடைபெறும் நாளாந்தப் பணிவிடைக்கான செலவை ஏற்பதோ மாநிலம் விரும்பினால் செய்யத்தக்கது. இதன் விளைவு யாதெனில், படுக்கையிலே விழுந்த வறியவர் ஒருவர் விடுதிக்குச் செல்லச் சம்மதித்தால் அரசாங்கம் முழுச் செலவையும் தரும். தம் வீட்டிலேயே இருக்க விரும்பினால் அதைவிடக் குறைந்த செலவுக்கும் வழியிராது. வீட்டில் வாழும் விருப்பம் சட்டத்தின் கண்ணுக்கு ஆடம்பரமாகத் தோன்றியது.

இக்கோணலை நாடறியச் செய்தவள் ஒரு சிறுமி. அயோவா மாநிலத்தின் சீடர் ரப்பிட்ஸ் நகரிலே 1978 ஆம் ஆண்டு பிறந்த கேற்றி பெக்கற், ஐந்து மாதக் குழந்தையாயிருக்கையில் மூளையழற்சி நோய்க்கு ஆளாகித் தானாக மூச்சுவிடும் வலிமையை இழந்தாள். மூன்று ஆண்டுகளாகச் சுவாசக் கருவியின் துணையோடு வைத்தியசாலையிலேயே அவள் வளர்ந்தாள். வீட்டிலே வைத்துப் பராமரிக்கலாம் என்று வைத்தியர் கூறினர். பெற்றோரும் அதனையே விரும்பினர். வைத்தியசாலையில் இருக்கும்வரை அவளுக்கு மெடிக்கெயிட் உரிமை உண்டு. வீடு திரும்பினால் பெற்றோரின் வருமானம் கணக்கில் எடுக்கப்பட்டு அவ்வுரிமை அற்றுவிடும். வீட்டுச் செலவு வைத்தியசாலைச் செலவிலும் மிகக் குறைவு என்பதை எல்லோரும் அறிந்திருந்தும் விதி அசையவில்லை. 1981 ஆம் ஆண்டு நவெம்பரில் சனாதிபதி றொனால்ட் ரீகன் பத்திரிகையாளர் கூட்டத்திலே இவ்விடயத்தை எடுத்துக்கூறிக் கண்டித்தார். விதி அவளுக்காகத் தளர்த்தப்பட்டது. அடுத்த மாதமே சிறுமி வீடு திரும்பினாள். மறு ஆண்டிலே, அவளைப் போன்ற பிள்ளைகளுக்கு இவ்வுரிமையை வழங்க மாநிலங்களுக்கு இடமளிக்கும் ஏற்பாடு சட்டத்திற் சேர்க்கப்பட்டது. கேற்றி பெக்கற் வளர்ந்து, கல்வி பயின்று, தம்மைப் போன்றோருக்காக உழைத்து, 2012 ஆம் ஆண்டில் 34 ஆவது வயதில் மறைந்தார்.

அதே 1981 ஆம் ஆண்டில், இச்சிறுமியின் கதை நாட்டுக்குத் தெரியுமுன்னரே, ஆகஸ்ட் மாதத்திலே நிறைவேறிய வரவுசெலவுச் சட்டம் மற்றொரு கதவைத் திறந்திருந்தது. விடுதியில் சேரத்தக்க நிலையிலுள்ளவர்களுக்கு வீட்டிலும் ஊரிலும் வைத்தே உதவியளிக்க விரும்பும் மாநிலம், வழக்கமான விதிகளினின்றும் விலக்குப் பெற்று அவ்வாறு செய்யலாம் என்றது அச்சட்டம். முதன்முதலாக அவ்விலக்கைப் பெற்ற மாநிலம் ஒரிகன். ஏனைய மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதனைப் பின்பற்றின. குளிப்பாட்டி உடுத்துதல், உணவு சமைத்து ஊட்டுதல், வீட்டைத் துப்புரவு செய்தல், பகற்பொழுதிலே முதியோர் கூடும் நிலையங்களை நடத்துதல், சிறு இல்லங்களிலே நால்வர் ஐவராக ஊனமுற்றோர் வாழ வகைசெய்தல், இடையறாது பார்த்துக்கொள்ளும் தாய்தந்தையருக்குச் சில நாள் ஓய்வளித்தல் என்பன யாவும் இவ்வேற்பாட்டிற் சேர்ந்தன.

உதவியை வீட்டுக்கே கொண்டுசெல்வது மாநிலத்தின் தயவு மட்டும் அன்று, சமத்துவத்தின் பாற்பட்ட கடமையும் ஆகும் என்று நிலைநாட்டியது 1999 ஆம் ஆண்டு யூன் 22 ஆந் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. ஜோர்ஜியா மாநிலத்தின் மனநோய் வைத்தியசாலை ஒன்றிலே வாழ்ந்த லோயிஸ் கேர்ட்டிஸ், எலேன் வில்சன் என்னும் இரு பெண்கள் ஊருக்குள்ளே வாழத் தகுதியுடையவர் என்று வைத்தியர்களே கூறிய பின்னரும் அங்கேயே வைக்கப்பட்டிருந்தனர். காரணமின்றி அவர்களை அடைத்துவைத்திருப்பது ஊனமுற்றோர் உரிமை பற்றிய 1990 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாறான பாகுபாடு என்று நீதியரசர் ரூத் பேடர் கின்ஸ்பேர்க் எழுதிய தீர்ப்பு உரைத்தது. லோயிஸ் கேர்ட்டிஸ் பின்னர் ஓவியராகப் புகழ்பெற்று, 2011 ஆம் ஆண்டில் வெள்ளை மாளிகையிலே சனாதிபதி ஒபாமாவைச் சந்தித்தார். 2013 ஆம் ஆண்டு அளவில், நீண்டகாலப் பராமரிப்புக்கென மெடிக்கெயிட் செலவிட்ட தொகையிலே பாதிக்கு மேற்பட்டது முதன்முறையாக விடுதிகளைவிட்டு வீட்டையும் ஊரையும் நோக்கித் திரும்பியது.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் அது மனநிறைவு தருவதாக அமைந்திருக்கும். ஆனால், கதவைத் திறத்தல் ஒன்று. அதனூடே உதவிக்கு வரும் ஆளைப் பெறுதல் வேறொன்று. விலக்குப் பெற்ற மாநிலம் இத்தனை பேருக்குத்தான் உதவுவோம் என்று எல்லை வகுக்கவும் சட்டம் இடமளித்தது. ஆகவே பல மாநிலங்களிலே காத்திருப்போர் பட்டியல் நீண்டது. 2023, 2024 ஆம் ஆண்டுகளிலே நாடெங்கும் ஏறக்குறைய 7 இலட்சம் பேர் அப்பட்டியல்களிலே இடம்பெற்றிருந்தனர். சராசரியாக மூன்று ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. பட்டியலிலிருந்து தப்பி அனுமதிக் கடிதம் பெற்றவர்களுள்ளும் பலர், பணிக்கு ஆள் கிடையாமையால் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தனர்.

ஆள் கிடையாமைக்குக் காரணம் அறியவேண்டின், பணம் செல்லும் வழியைக் கவனித்தல் வேண்டும். ஒரு மணித்தியாலப் பணிவிடைக்கு இவ்வளவு என்று மாநில அரசாங்கம் கட்டணம் நிர்ணயிக்கின்றது. அத்தொகை பணியாளரை அனுப்பும் நிறுவனத்துக்குச் செல்கின்றது. நிறுவனம் அலுவலகச் செலவு, காப்புறுதி, வரி, பயிற்சிச் செலவு ஆகியவற்றைக் கழித்து எஞ்சியதைப் பணியாளருக்குக் கொடுக்கின்றது. சாதாரண வியாபாரத்திலே வேலையாள் கிடையாவிட்டால் முதலாளி கூலியை உயர்த்துவார். பொருளின் விலையையும் சிறிது உயர்த்தி ஈடுசெய்வார். இந்நிறுவனத்துக்கு அவ்வழி இல்லை. வாங்குவோர் ஒருவரே, அவரே மாநில அரசாங்கம். விலையும் அவர் வைத்ததே. அரசாங்கம் பல ஆண்டுகள் கட்டணத்தை உயர்த்தாதிருக்க, எதிர்த்தெருவிலுள்ள கடையும் பண்டகசாலையும் கூலியை உயர்த்தினால், பணிவிடையாளர் அங்கே செல்வது இயல்பு. சென்றவரைக் குறைகூறுதல் பொருந்தாது. அவரும் வீட்டு வாடகை செலுத்தவேண்டியவர். அவருக்கும் பிள்ளைகள் உள்ளனர்.

மேலும், பெரும்பாலான மாநிலங்கள் ஆண்டுதோறும் வரவுக்குட்பட்டே செலவு செய்யவேண்டும் என்னும் விதிக்குக் கட்டுப்பட்டவை. பொருளாதாரம் தளரும் ஆண்டிலே வரி வருமானம் குறையும். உதவி கேட்போர் தொகை கூடும். அவ்வேளையிலே கட்டாயச் செலவுகளைத் தொட இயலாமையால், விருப்பச் செலவாகிய இல்லப் பணிவிடையின் மீதே கத்தி முதலில் விழும். 1965 ஆம் ஆண்டின் கோணல் இவ்வாறு இன்னமும் தொழிற்படுகின்றது.

இப்பணியைச் செய்வோரிற் பத்தில் எட்டுப் பேருக்கு மேற்பட்டோர் பெண்கள். மூன்றில் ஒரு பங்கினர் அளவில் பிறநாடுகளிலிருந்து குடியேறியோர். அவர்களது உழைப்பைச் சட்டம் நெடுங்காலம் உழைப்பாகவே மதிக்கவில்லை. குறைந்தபட்ச வேதனத்தையும் மேலதிக நேரக் கூலியையும் வகுத்த 1938 ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பணியாளரை உள்ளடக்கவில்லை. 1974 ஆம் ஆண்டிலே அது வீட்டுப் பணியாளருக்கும் விரிக்கப்பட்டது. ஆயினும் முதியோருக்குத் துணையிருப்போர் என்ற பெயரிலே இவர்கள் விலக்கப்பட்டனர். நியூ யோர்க்கிலே இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தொழிலைச் செய்த ஈவ்லின் கோக் என்னும் பெண் மேலதிக நேரக் கூலி கேட்டுத் தொடுத்த வழக்கிலே, 2007 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்த்தது. விதியை மாற்றுவது தொழிற் திணைக்களத்தின் அதிகாரத்துக்குட்பட்டது என்பது நீதிமன்றத்தின் கருத்து. அத்திணைக்களம் 2013 ஆம் ஆண்டிலே விதியை மாற்றியது. 2015 ஆம் ஆண்டிலே அது நடைமுறைக்கு வந்தது. ஈவ்லின் கோக் அதற்கு முன்னரே, 2009 ஆம் ஆண்டில், காலமாகிவிட்டார். 2025 ஆம் ஆண்டு யூலையிலே அவ்விதியை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுசெல்லும் முன்மொழிவைத் திணைக்களம் வெளியிட்டது. இத்துறையிற் பெற்ற நன்மைகள் எவ்வளவு மெல்லிய நூலிலே தொங்குகின்றன என்பதற்கு இஃதொரு சான்று.

இனி, இத்துன்பத்தை நீக்க மாநில அரசாங்கங்கள் மேற்கொண்ட வழிகளுட் சிலவற்றை நோக்குவோம். கலிபோர்ணியா மாநிலம் 1973 ஆம் ஆண்டிலேயே இல்லப் பணிவிடைத் திட்டம் ஒன்றை அமைத்தது. உதவி பெறுபவரே தமக்கு ஏற்ற ஆளைத் தெரிந்தெடுக்கலாம். அரசாங்கம் ஊதியத்தைக் கொடுக்கும். தெரிந்தெடுக்கப்பட்டவர்களிற் பெரும்பாலோர் உறவினரே. தாயைப் பார்ப்பதற்காக வேலையை விட்ட மகளுக்கு இத்திட்டம் சிறு வருமானம் தந்தது. எனினும் ஒரு சிக்கல் இருந்தது. பல்லாயிரம் வீடுகளிலே தனித்தனியே உழைக்கும் இவர்களுக்கு முதலாளி யார்? படுக்கையிலுள்ள நோயாளியா, பணங்கொடுக்கும் அரசாங்கமா? பொறுப்பாளர் ஒருவர் இல்லாதவிடத்து ஊதியம் பற்றிப் பேசுவதற்கும் எவருமில்லை. 1990 ஆம் ஆண்டுகளிலே மாவட்டந்தோறும் இதற்கெனப் பொது அதிகாரசபைகளை அமைக்க மாநிலச் சட்டம் இடமளித்தது. 1999 ஆம் ஆண்டு பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தின் 74,000 பணிவிடையாளர் தொழிற்சங்கத்தில் இணையத் தீர்மானித்தனர். அந்நாட்டிலே பல பத்தாண்டுகளாக நிகழாத பெருந்தொகையான சேர்க்கை அது.

வாஷிங்டன் மாநிலம் பயிற்சியிலே கருத்தைச் செலுத்தியது. 2011 ஆம் ஆண்டு நவெம்பரில் வாக்காளர் நேரடியாக அங்கீகரித்த சட்டத்தின்படி, இல்லப் பணிவிடையாளர் பெரும்பாலோர் 75 மணித்தியாலப் பயிற்சி பெறவேண்டும். நோயாளியைத் தூக்கும் முறை, படுக்கைப்புண் வராது காத்தல், நினைவிழந்தோரிடம் பொறுமையாகப் பழகுதல் ஆகியன கற்றுத் தெளியவேண்டியவை. இரக்கம் ஒன்றினால் மட்டும் வந்துவிடுவனவல்ல. அம்மாநிலமே 2019 ஆம் ஆண்டில் மற்றொரு சட்டத்தையும் இயற்றியது. உழைப்போர் தம் சம்பளத்தில் 100 டொலருக்கு 58 சதம் வீதம் 2023 யூலை முதல் ஒரு பொதுநிதிக்குச் செலுத்துகின்றனர். தகுதி பெற்றவருக்கு வாழ்நாளில் 36,500 டொலர் வரையிலான பராமரிப்பு உதவியை 2026 யூலை முதல் அளிப்பதென வகுக்கப்பட்டது. வறுமைக்குள் விழுந்த பின்னரே அரசாங்கத்தின் கை நீளும் என்ற நிலையை மாற்றும் முயற்சி இது. நியூ யோர்க் மாநிலமோ வேதனத்தை நேராகவே உயர்த்தியது. 2022 ஒக்டோபர் முதல் இல்லப் பணிவிடையாளரின் குறைந்தபட்ச வேதனம், பொதுவான குறைந்தபட்ச வேதனத்தைவிட மணித்தியாலத்துக்கு 2 டொலர் கூடுதலாக்கப்பட்டது.

கொரோனாத் தொற்றுக் காலத்திலே விடுதிகளில் மரணம் மலிந்தபோது, வீட்டிலே பராமரிப்பதன் அருமை எல்லோருக்கும் விளங்கியது. 2021 ஆம் ஆண்டு மார்ச்சில் நிறைவேறிய சமஷ்டிச் சட்டம், இல்லப் பணிவிடைச் செலவிலே சமஷ்டி அரசாங்கத்தின் பங்கை ஓராண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாநிலங்கள் அப்பணத்தைக் கொண்டு கட்டணத்தையும் வேதனத்தையும் உயர்த்தின. வேலையை விட்டுப் போகாதிருந்தோருக்கு ஊக்கப் பணம் கொடுத்தன. பயிற்சி வகுப்புகளை நடத்தின. ஆயினும் அது ஒருமுறை பெய்த மழையே. ஊக்கப் பணம் ஒரு மாதக் கடனைத் தீர்க்கும். ஒருவரை அத்தொழிலிலே பத்தாண்டு நிலைநிறுத்த உறுதியான மாதச் சம்பளமே வேண்டும். பணம் தீர்ந்ததும், உயர்த்திய வேதனத்தைத் தம் கையிலிருந்து தொடர்ந்து கொடுப்பதா, விடுவதா என்ற வினா மாநிலங்களின் முன் நின்றது.

உயர்த்திய கட்டணம் பணியாளரின் கையைச் சேர்கின்றதா என்பதும் கேட்கவேண்டிய வினாவே. 2024 ஆம் ஆண்டிலே சமஷ்டி அரசாங்கம் வெளியிட்ட விதி, குறிப்பிட்ட சில இல்லப் பணிவிடைகளுக்கு மெடிக்கெயிட் கொடுக்கும் தொகையில் நூற்றுக்கு 80 வீதம் பணியாளரின் ஊதியத்துக்கே செல்லவேண்டும் என்று கூறி, ஆறு ஆண்டுத் தவணை கொடுத்தது. தொழிலாளர் இதனை வரவேற்றனர். நிறுவனத்தாரோ, சிறு நிறுவனங்களும் தொலைதூரக் கிராமங்களிலே தொண்டுசெய்வனவும் மிகுதி 20 வீதத்தைக்கொண்டு நடத்த முடியாது மூடப்படும் என அஞ்சினர். இரு பக்கத்தும் நியாயம் உண்டு. கட்டணம் சிறுத்திருக்கையிலே அதனை எவ்வாறு பங்கிட்டாலும் ஒருவருக்குக் குறையவே செய்யும்.

கொடுப்பதற்கான நிதியும் உறுதியாயில்லை. 2025 ஆம் ஆண்டு யூலை 4 ஆந் திகதி கையொப்பமிடப்பட்ட சமஷ்டிச் சட்டத்தினால் பத்தாண்டுகளில் மெடிக்கெயிட்டுக்கான சமஷ்டிச் செலவு 90,000 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையாற் குறையும் எனக் காங்கிரஸின் வரவுசெலவு அலுவலகம் மதிப்பிட்டது. விருப்பச் செலவாக நிற்கும் இல்லப் பணிவிடைக்கு இதனால் வரக்கூடிய ஆபத்து சொல்லாமலே விளங்கும்.

இவ்விடத்து ஓர் ஆட்சேபத்தையும் மறைத்தலாகாது. வீட்டு உதவி விடுதியைவிட மலிவு என்பது ஒருவரைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மை. ஆனால் வீட்டிலேயே உதவி கிடைக்குமென்றால், விடுதிக்கு ஒருபோதும் செல்லாது உறவினரின் உதவியோடு காலங்கழித்த பலரும் விண்ணப்பிப்பர். மொத்தச் செலவு குறைவதற்குப் பதிலாகக் கூடவும் கூடும். நிதிப் பொறுப்பாளர் இவ்வாறு அஞ்சுவதிலே பொருளுண்டு. எனினும், அச்செலவு இதுவரை இல்லாத ஒன்றன்று. படிப்பை நிறுத்திய மகளும், வேலையை இழந்த மனைவியும், முதுகெலும்பு தேயத் தூக்கிய முதிய கணவனும் அதனை இதுவரை கணக்கிலெழுதாது செலுத்திவந்தனர். அரசாங்கத்தின் ஏட்டிலே ஏறும்போது அச்செலவு பிறர் கண்ணுக்குத் தெரிகின்றது, அவ்வளவே.

ஊர்மட்டத்திலே எத்தகைய சாதனை கைகூடும் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோ நகரின் சீனக் குடியிருப்பு நல்ல உதாரணம். 1970 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே அங்குள்ள முதியோருக்கென ஒரு விடுதி கட்ட எண்ணியவர்கள், அதன் செலவைக் கண்டு, பகல்நேர நிலையம் ஒன்றைத் தொடங்கினர். ஓன் லொக் என்பது அதன் பெயர். சீனமொழியிலே அமைதியும் மகிழ்ச்சியும் உள்ள உறைவிடம் என்பது அதன் பொருள். காலையிலே வாகனம் வந்து முதியோரை அழைத்துச் செல்லும். அங்கே வைத்தியரும் தாதியும் உடற்பயிற்சி ஆசிரியரும் இருப்பர். பழகிய மொழியும் பழகிய உணவும் கிடைக்கும். மாலையிலே தத்தம் வீட்டுக்குத் திரும்பித் தம் கட்டிலிலே துயில்வர். ஆளுக்கு மாதந்தோறும் ஒரு நிலையான தொகையை ஏற்று, எல்லாப் பராமரிப்புக்கும் நிலையமே பொறுப்பாகும் முறை அங்கே வளர்ந்தது. 1997 ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறைக்கு நாடளாவிய நிரந்தர அங்கீகாரம் அளித்தது. விரும்பிய மாநிலங்கள் அதனை மெடிக்கெயிட்டிலும் சேர்த்துக்கொண்டன.

அறுபது ஆண்டு அனுபவத்திலிருந்து பெறத்தக்க முடிபு இதுவே. இல்லப் பணிவிடைக்கான அரசாங்க உதவியை அளப்பதற்கு, எத்தனை பேருக்கு அனுமதிக் கடிதம் வழங்கப்பட்டது என்னும் கணக்குப் போதாது. திங்கட்கிழமை காலையிலே குறித்த நேரத்தில் குறித்த வீட்டின் கதவைத் தட்டி ஒருவர் வந்தாரா, சென்ற வாரம் வந்தவரே இவ்வாரமும் வந்தாரா, அடுத்த ஆண்டும் அவரே வரத்தக்க ஊதியம் அவருக்குக் கிடைக்கின்றதா என்பவையே உண்மையான அளவுகோல்கள். பிறரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, புரட்டிப் படுக்கவைக்கும் கைகளுக்குத் தக்க கூலி கொடாத திட்டம், எத்துணை அழகாக எழுதப்பட்டிருப்பினும், ஏட்டளவிலேயே நின்றுவிடும். முதியோர் தொகை பெருகிவரும் எந்த நாட்டிலும், இத்தகைய சட்டத்தை எழுதப் புகுவோர் பணிவிடையாளரின் சம்பளத்தை அதன் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளாது முதற்பக்கத்திலேயே எழுதுவாராயின், ஏனைய பக்கங்கள் பயனுடையனவாகும்.